டோக்கியோ 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல்: பாதி வரை முன்னால் இருந்த லெடெக்கி எங்கே தவறினார்?

வேளச்சேரி அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஒரு வாக்குவாதம் ஓடுகிறது, தீர்த்துவைக்க விஷயம் தெரிந்தவர்கள் வேண்டும்.

என் மகளுக்கு 13 வயது. நாலு வருஷமாக நீச்சல் பயிற்சிக்குப் போகிறாள். இதுவரை 50, 100 என்று சின்னத் தூரங்களில்தான் நீந்தினாள், இந்த சீசனில் அவளுடைய கோச் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்கு மாற்றிவிட்டார். அதனால் சாப்பாடு முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து பழைய 400 பந்தயங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறோம். டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப்போட்டியை மட்டும் ஐந்தாறு தடவை பார்த்தாகிவிட்டது. 2021 ஜூலை 26, காலை நேரம், காலரியில் ரசிகர்களே இல்லை. அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி ஆரம்பம் முதல் முன்னால் போகிறார், பாதித் தூரத்தில் அரை விநாடிக்கும் மேல் முன்னிலை. ஆஸ்திரேலியாவின் அரியார்ன் டிட்மஸ் பக்கத்து லேனில் பின்னாலேயே வருகிறார். 300 வரும்போது இடைவெளி சுருங்கிவிடுகிறது, கடைசி 50-க்குத் திரும்பும்போது டிட்மஸ் முன்னால். முடிவு டிட்மஸ் 3:56.69, லெடெக்கி 3:57.36.

என் மகள் சொல்வது, லெடெக்கி முதல் பாதியில் தேவையில்லாமல் வேகமாகப் போய்விட்டார், அது தவறு, அதனால்தான் தோற்றார். நான் சொல்வது, முன்னால் போனது தவறே இல்லை, கடைசி நூறில் உடம்பு ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான். யார் சொல்வது சரி? அதைவிட எனக்குப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. டிட்மஸ் அந்த 200 மீட்டரும் பின்னால் வந்தது முடியாமலா, வேண்டுமென்றேவா? ஏனென்றால் அடுத்த மாதம் இவளுக்கு முதல் 400 பந்தயம் இருக்கிறது, எப்படிப் போக வேண்டும் என்று என்னைத்தான் கேட்கிறாள், எனக்கு நீச்சலே தெரியாது.

ஸ்டாப்வாட்ச்:

வணக்கம் சார். நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன், இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் 100-லிருந்து 400-க்கு வரும் எல்லாப் பிள்ளைகளும் இடறும் இடம் இதுதான்.

முதலில் தண்ணீரின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தரையில் ஓடுவது மாதிரி இல்லை இது. தண்ணீரில் வேகத்தைக் கூட்டினால் எதிர்ப்பு அதே அளவில் கூடாது, ஏறக்குறைய வேகத்தின் வர்க்கமாகக் கூடும், செலவழிக்க வேண்டிய சக்தி அதைவிட வேகமாக ஏறும். அதாவது முதல் நூறில் ஒரு விநாடி சேர்த்துச் சம்பாதிக்க நீங்கள் கொடுக்கும் விலை, கடைசி நூறில் அந்த ஒரு விநாடியை விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைப்பதைவிடப் பெரியது. அதனால் 400-ஐ முடிந்தவரை ஒரே சீரான வேகத்தில் நீந்துவதுதான் சிக்கனம். சொல்வது சுலபம். பிளாக்கிலிருந்து குதித்த முதல் நூறு மீட்டருக்கு உடம்பில் எந்த வலியும் இருக்காது, கை தானாகப் போகும், இன்னும் வேகமாகப் போகலாம் என்றுதான் தோன்றும். அந்த நூறை நம்பி 400-ஐத் திட்டமிட்டவர்கள் எல்லோரும் 250-ல் அழுதிருக்கிறார்கள்.

இப்போது லெடெக்கிக்கு வருவோம். உங்கள் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் லெடெக்கியைப் பொறுத்தவரை அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். முன்னால் போய் மற்றவர்களை முறித்துப்போடுவது அவருடைய வழக்கம், அதில் பல வருஷம் அவரை யாராலும் தொட முடியவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இதே 400-ஐ 3:56.46-ல் முடித்தார், உலக சாதனை. இரண்டாவதாக வந்த பிரிட்டனின் ஜாஸ் கார்லின் 4:01.23. கணக்குப் போட்டுப் பாருங்கள், லெடெக்கி சுவரைத் தொடும்போது அடுத்தவர் எட்டு மீட்டர் பின்னால். டிவியில் அவர் மட்டும் தனியாகத் தெரிந்தார். அப்படி ஜெயித்துப் பழகிய ஒருவர் டோக்கியோவில் திடீரென்று மெதுவாகத் தொடங்கியிருந்தால் அதைத்தான் நான் தவறு என்பேன். தன் பந்தயத்தைத்தான் அவர் நீந்தினார். அந்த 3:57.36 அன்றைய தேதிவரை அவருடைய வாழ்க்கையிலேயே இரண்டாவது சிறந்த டைமிங். சொதப்பியவர் யாரும் அப்படி ஒரு டைமிங் போட மாட்டார்.

டிட்மஸ் வேண்டுமென்றே பின்னால் வந்தாரா என்று கேட்டீர்கள். அதற்கு 2019 குவாங்ஜு உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே முதல் பாதியில் டிட்மஸ் முன்னால், பிறகு லெடெக்கி பிடித்துத் தாண்டி, கடைசித் திருப்பத்தில் 0.62 விநாடி முன்னிலை. முடிந்தது என்று எல்லோரும் நினைத்த இடம் அது. கடைசி 50-ஐ டிட்மஸ் 29.51-ல் வந்தார், லெடெக்கிக்கு 31.34 ஆனது. 3:58.76-க்கு 3:59.97. லெடெக்கி அந்த வாரம் உடம்பு சரியில்லாமல்தான் நீந்தினார், அதை மறைக்கக் கூடாது. 200-லிருந்தும் 1500 இறுதிப்போட்டியிலிருந்தும் விலகினார். ஆனால் அன்று டிட்மஸுக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்: கடைசி 50 வரை லெடெக்கியை விட்டுவிடாமல் இருந்தால் ஜெயிக்க முடியும்.

டோக்கியோவில் அதைத்தான் செய்தார். அரை விநாடி என்பது டிவியில் பெரிய இடைவெளியாகத் தெரியும். இந்த வேகத்தில் அவர்கள் விநாடிக்கு சுமார் 1.7 மீட்டர் போகிறார்கள், அப்படியானால் அரை விநாடி ஒரு மீட்டர்கூட இல்லை. கையை நீட்டினால் எதிராளியின் இடுப்புக்குப் பக்கத்தில் வரும் தூரம். அந்த அளவுக்கு மேல் நூலை நீள விடாமல் பிடித்துக்கொண்டே வந்தார். அதுவும் சும்மா இல்லை சார், உலகத்திலேயே வேகமான ஒருவர் முன்னால் போகும்போது பதறிப்போய் 150-லேயே துரத்தத் தொடங்காமல் இருப்பதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். எனக்கு அந்தப் பந்தயத்தில் மிகவும் பிடித்த பகுதியே 100-லிருந்து 250 வரைதான், எதுவும் நடக்காத மாதிரி தெரியும் அந்த மூன்று நீளங்கள் (குளத்தின் ஒரு நீளம் 50 மீட்டர்).

ஏழாவது லேன்:

ஸ்டாப்வாட்ச் அண்ணா சொன்னதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம், ஒரு இடத்தில் மட்டும் இல்லை. நான் காலேஜ் முடிக்கும்வரை 400, 800 நீந்தியவள். உங்கள் பெண் சொல்வதை இவ்வளவு சுலபமாகத் தள்ள வேண்டாம்.

முன்னால் போவது யாருக்கு லாபம் என்பது பின்னால் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ரியோவில் பின்னால் யாருமே இல்லை, அதனால் 300-க்கு மேல் லெடெக்கி நீந்தியது கடிகாரத்தோடு மட்டும். டோக்கியோவில் ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கத்து லேனில் அதே ஆள் அதே இடத்தில் இருக்கிறார். இது எப்படி இருக்கும் என்று நீந்தியவர்களுக்குத்தான் தெரியும். 200-ல் விட்டுவிடுவாள் என்று நினைப்போம், விடவில்லை, 250-லும் விடவில்லை என்றால் அப்போதுதான் தோள் இறுகும், கையை முழுசாக நீட்டாமல் வெட்டி வெட்டிப் போடத் தொடங்குவோம், நமக்கே தெரியாது. கரையில் நிற்கும் கோச்சுக்குத் தெரியும், ஒரு நீளத்துக்கு எத்தனை கை போடுகிறோம் என்ற எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடியிருக்கும். லெடெக்கி மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, நான் என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். ஆனால் இரண்டாம் பாதியில் மட்டும் டிட்மஸ் அவரிடமிருந்து ஒரு விநாடிக்கு மேல் எடுத்திருக்கிறார் என்பது கணக்கு. அதனால் தவறு என்ற வார்த்தை வேண்டாம், விலை அதிகம் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

காலைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் சேர்த்துக்கொள்கிறேன். அப்பா, அடுத்த தடவை பார்க்கும்போது முகத்தையும் கையையும் விட்டுவிட்டு இரண்டு பேரின் கால் பக்கத்து நுரையை மட்டும் பாருங்கள். நீண்ட தூரம் நீந்துகிறவர்கள் ஆரம்பத்தில் காலைச் சிக்கனமாக அடிப்பார்கள், ஏனென்றால் தொடைத் தசை பெரியது, ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும். ஒரு சுற்றுக் கை போடுவதற்கு இரண்டு கிக் என்று போய்க்கொண்டிருப்பவர்கள் கடைசியில் ஆறு கிக்குக்கு மாறுவார்கள். அந்தக் கிக் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் பாதி 400-கள் முடிவாகின்றன. உங்கள் பெண் 50, 100-லிருந்து வருகிறவள் என்பதால் முதல் நீளத்திலேயே காலைப் போட்டு அடித்துவிடுவாள், அந்தப் பழக்கம் போக எனக்கு ஒரு வருஷம் ஆனது.

இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். டோக்கியோ இறுதிப்போட்டியில் நாலாவதாக வந்தவர் யார் என்று கேளுங்கள். கனடாவின் சம்மர் மெக்கின்டோஷ், அன்று அவருக்கு வயது 14, டைமிங் 4:02.42. உங்கள் மகளைவிட ஒரே வயசு கூட. மூன்றாவதாக வந்த சீனாவின் லி பிங்ஜியே 4:01.08. எல்லோரும் முன்னால் நடந்த சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அடுத்த பத்து வருஷத்துக்கான ஆள் அதே குளத்தில் இரண்டு லேன் தள்ளியோ மூன்று லேன் தள்ளியோ நீந்திக்கொண்டிருந்தது.

வேளச்சேரி அப்பா:

இரண்டு பேருக்கும் நன்றி. கிக் விஷயம் சொன்னதும் மறுபடி போட்டுப் பார்த்தோம், இவ்வளவு நாள் என்ன பார்த்தோம் என்று இருக்கிறது.

ஒரு துணைக் கேள்வி. திரையில் ஒரு கோடு கூடவே நகர்கிறதே, உலக சாதனைக் கோடு, அது யாருடைய கோடு? டிட்மஸ் கடைசியில் அதை ஏறக்குறையத் தொட்டுவிட்டார் போல இருந்தது. இன்னொன்று, இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் நீந்துகிறார்களா? என் மகள் பார்க்க முடியாது என்கிறாள்.

ஸ்டாப்வாட்ச்:

அந்தக் கோடு லெடெக்கியுடையதுதான் சார், ரியோவின் 3:56.46. சாதனை நிகழ்ந்த அன்று ஒவ்வொரு 50-லும் என்ன நேரம் இருந்ததோ அதை வைத்து அந்தக் கோடு நகரும். டோக்கியோவில் டிட்மஸ் 0.23 விநாடியில் அதைத் தவறவிட்டார். ஆக, அன்று அந்தக் குளத்தில் 24 வயது லெடெக்கி, 20 வயது டிட்மஸ், கூடவே 19 வயதில் ரியோவில் நீந்திய லெடெக்கி, மூன்று பேர் இருந்தார்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன். மூன்றாவது ஆள்தான் ஜெயித்தாள்.

பார்க்க முடியுமா என்றால், மூச்சு எடுக்கும் பக்கம் மட்டும் கண்ணில் படும். ஒரே பக்கம் மூச்சு எடுக்கிறவருக்குப் போகும்போது வலது பக்க லேன் தெரிந்தால், திரும்பி வரும்போது அடுத்த பக்க லேன்தான் தெரியும். எட்டு நீளத்தில் நாலு நீளம் எதிராளி கண்ணில் இருக்க மாட்டார். அதனால் எந்த லேன் கிடைக்கிறது, கடைசி நீளத்தில் யார் யாரைப் பார்க்க முடியும் என்பதையெல்லாம் கோச்சுகள் முன்கூட்டியே யோசிப்பார்கள். திருப்பத்தின்போது ஒரு கணம் கிடைக்கும், அப்போது பார்க்கிறவர்களும் உண்டு. என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முதல் 200-க்குப் பக்கத்து லேனைப் பார்க்காதே, உன் கையை எண்ணு.

காலாங் கரை:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். 2025 உலகச் சாம்பியன்ஷிப் இங்கே நடந்தபோது, ஜூலை 27 மாலை பெண்கள் 400 இறுதிப்போட்டியை நேரில் பார்த்தேன், காலாங்கில் அதற்காகவே ஒரு தற்காலிக அரங்கம் கட்டியிருந்தார்கள். டிவியில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை, முக்கியமாகச் சத்தம். குதிக்கும்போது மொத்தக் கூட்டமும் அமைதி, குதித்த பிறகு ஒவ்வொரு திருப்பத்துக்கும் கூட்டத்தின் சத்தம் ஒரு படி ஏறும், 350 வரும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது.

அதில் என்னை அசைத்தது முடிவுப் பலகைதான். டோக்கியோவில் இரண்டாவது லெடெக்கி, மூன்றாவது லி பிங்ஜியே, நாலாவது மெக்கின்டோஷ். சிங்கப்பூரில் மெக்கின்டோஷ் முதலிடம், லி இரண்டாவது, லெடெக்கி மூன்றாவது. நாலு வருஷத்தில் அதே மூன்று பேர், அப்படியே தலைகீழ் வரிசை. டைமிங் 3:56.26, 3:58.21, 3:58.49. லியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு வருத்தம். டோக்கியோவில் வெண்கலம் வாங்கிய பெண், நாலு வருஷம் கழித்து கிட்டத்தட்ட மூன்று விநாடி குறைத்துக்கொண்டு வந்து நிற்கிறார், 400-ல் மூன்று விநாடி குறைப்பது என்பது சின்ன விஷயமா? எனக்கு அன்று கை வலிக்கக் கைதட்டத் தோன்றியது அவருக்குத்தான்.

மேலே பேசிக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். முன்னால் போய் ஜெயிக்கும் முறை காலாவதியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதே சிங்கப்பூரில் ஆகஸ்ட் 2 அன்று 800 மீட்டர். மெக்கின்டோஷும் இருக்கிறார், ஆஸ்திரேலியாவின் லானி பாலிஸ்டரும் இருக்கிறார், மூன்று பேரும் கடைசிவரை ஒட்டிக்கொண்டே வந்தார்கள். 28 வயது லெடெக்கி 8:05.62, பாலிஸ்டர் 8:05.98, மெக்கின்டோஷ் 8:07.29. டோக்கியோ 400-ல் நடந்த அதே நெருக்கடி, இந்தத் தடவை லெடெக்கி விடவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன், என் முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

தோற்றவர் என்று அவரை இந்த இழையில் பேசிக்கொண்டிருப்பது எனக்கு ஒரு மாதிரி இருந்ததால் இதை எழுதினேன். டோக்கியோவிலேயே பாருங்கள், இந்த 400-க்கு இரண்டு நாள் கழித்து ஒரே காலையில் 200 இறுதிப்போட்டியில் ஐந்தாவதாக வந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கி 1500-ல் தங்கம் வாங்கினார், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1500 வைத்ததே அதுதான் முதல் தடவை. கடைசியில் 800-ல் டிட்மஸை இரண்டாவதாக வைத்துத் தங்கம். 2025 மே மாதம் 400-ஐ 3:56.81-ல் நீந்தினார், அதாவது டோக்கியோவில் தோற்ற டைமிங்கைவிட வேகமாக.

பழைய ஸ்கோர்புக்:

நல்ல இழை. நான் நீந்தியவன் இல்லை, எண்கள் எழுதிவைக்கும் பைத்தியம் மட்டும் உண்டு, நாற்பது வருஷமாக நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பாதி, இரண்டாம் பாதி என்று பேசுகிறீர்களே, இந்தக் கதை டிட்மஸோடு தொடங்கவில்லை என்பதற்காக ஒரு பழைய பந்தயத்தைச் சொல்கிறேன்.

1988 சியோல் ஒலிம்பிக், பெண்கள் 400. அமெரிக்காவின் ஜேனட் எவன்ஸ், 17 வயது. பக்கத்தில் கிழக்கு ஜெர்மனியின் ஹைக்கே ஃப்ரீட்ரிஷ், அன்கே மோரிங். எவன்ஸ் அவர்களுக்கு முன்னால் சின்னப் பெண்ணாகத் தெரிவார், கையை மடக்காமல் காற்றாடி மாதிரி சுழற்றும் ஸ்டைல், எந்தப் பாடப்புத்தகத்திலும் சொல்லிக்கொடுக்காதது. முதல் 200-ஐ 2:02.14-ல் போனார், இரண்டாவது 200-ஐ 2:01.71-ல் வந்தார். குதிக்கும்போது கிடைக்கும் வேகம் முதல் பாதியில்தான் இருக்கிறது, அது இல்லாமல் இரண்டாம் பாதி வேகமாக வந்திருக்கிறது என்றால் என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். மொத்தம் 4:03.85, உலக சாதனை. அந்தச் சாதனை எத்தனை வருஷம் நின்றது தெரியுமா? 2006 மே மாதம் பிரான்ஸின் லோர் மனடூ 4:03.03 நீந்தும்வரை, பதினேழரை வருஷத்துக்கும் மேல். அந்த இரண்டு எண்களையும் என் நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு 2009 ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் இத்தாலியின் ஃபெடெரிகா பெல்லெக்ரினி 3:59.15, நாலு நிமிடத்துக்குள் வந்த முதல் பெண். அது பாலியூரித்தேன் நீச்சலுடை காலம், உடம்பைத் தண்ணீரில் மிதக்கத் தூக்கிக் கொடுக்கும் உடை, 2010-லிருந்து தடை. அதனால் அந்த டைமிங்கை இனி யாரும் தொட மாட்டார்கள் என்று நானே நண்பர்களிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். 2014 ஆகஸ்டில் லெடெக்கி சாதாரண உடையில் அதை இரண்டு தடவை உடைத்தார், 3:58.86, பிறகு கோல்ட் கோஸ்ட்டில் பான் பசிபிக் போட்டியில் 3:58.37. பிறகு ரியோ.

2022-லிருந்து சாதனை கை மாறிய வேகம்தான் எனக்கு இன்னும் நம்ப முடியாதது. 2022 மே, அடிலெய்டில் டிட்மஸ் 3:56.40. 2023 மார்ச், டொராண்டோவில் மெக்கின்டோஷ் 3:56.08. அதே வருஷம் ஜூலை, ஃபுகுவோகா உலகச் சாம்பியன்ஷிப்பில் மூன்று சாதனையாளர்களும் ஒரே இறுதிப்போட்டியில். இங்கேதான் உங்கள் கேள்விக்கு இன்னொரு பதில் இருக்கிறது. பின்னால் பதுங்கி வருபவர் என்று பெயர் வாங்கிய டிட்மஸ் அன்று முன்னாலேயே போனார். 3:55.38. லெடெக்கி மூன்று விநாடிக்கும் மேல் பின்னால், 3:58.73. நியூசிலாந்தின் எரிகா ஃபேர்வெதர் 3:59.59, மெக்கின்டோஷ் 3:59.94-ல் நாலாவது. நாலு நிமிடத்துக்குள் நீந்தியும் பதக்கம் இல்லை, யோசியுங்கள். பெல்லெக்ரினி அந்த எல்லையைத் தாண்டி அப்போது பதினாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

அந்தத் தோல்விக்குப் பிறகு மெக்கின்டோஷ் பாரிஸ் ஒலிம்பிக்கில் 3:58.37-ல் வெள்ளி, தங்கம் டிட்மஸுக்கு 3:57.49-ல், வெண்கலம் லெடெக்கிக்கு 4:00.86-ல். 2025 ஜூன், கனடாவின் தேர்வுப் போட்டியில் மெக்கின்டோஷ் 3:54.18. ஒரே தாவலில் ஒன்றே கால் விநாடி அளவுக்குக் குறைத்தார். அதே 2025 அக்டோபரில் டிட்மஸ் ஓய்வை அறிவித்தார், வயது 25. எனக்கு அன்று மனசு சரியில்லை, இவர்கள் இருவரும் இன்னும் ஒரு தடவை பக்கத்துப் பக்கத்து லேனில் நீந்துவார்கள் என்று காத்திருந்தேன்.

கடைசியாக ஒரு எண். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் 400 மீட்டர் வந்தது 1924-ல், பாரிஸில், அதற்கு முன் 1920-ல் 300 மீட்டர்தான் இருந்தது. 1924-ல் ஜெயித்த மார்த்தா நோரேலியஸின் டைமிங் 6:02.2. நூறு வருஷம் கழித்து அதே ஊர், அதே தூரம், 3:57.49.

ஏழாவது லேன்:

ஸ்கோர்புக் ஐயா, அந்த 2:02.14, 2:01.71 எண்களை நான் எழுதி வைத்துக்கொள்கிறேன், என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல. ஃபுகுவோகாவைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. டிட்மஸுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும் என்றிருந்தால் அவரும் மாட்டிக்கொண்டிருப்பார். குவாங்ஜுவில் கடைசி 50, டோக்கியோவில் இரண்டாம் பாதி, ஃபுகுவோகாவில் ஆரம்பத்திலிருந்தே. மூன்று பந்தயம், மூன்று விதம்.

அந்த டோக்கியோ வெற்றியில் அவருடைய கோச் டீன் பாக்ஸால் காலரியில் முகக்கவசத்தைப் பிய்த்து எறிந்து குதித்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். நிறையப் பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. மகளின் நீச்சலுக்காக டிட்மஸின் குடும்பமே டாஸ்மேனியாவிலிருந்து பிரிஸ்பேனுக்கு வீடு மாறியது. அங்கே வருஷக்கணக்கில் விடியற்காலையில் கரையில் நின்று, அரை விநாடிக்கு மேல் விடாதே, விடாதே என்று பழக்கிய அந்தக் கோச்சுக்குத்தான் அந்த ஒரு மீட்டர் வித்தியாசம் என்னவென்று தெரியும்.

அப்பா, உங்கள் பெண்ணுக்கு அடுத்த மாதம் எப்படிப் போவது என்று கேட்டீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. கோச் என்ன சொல்கிறாரோ அதுதான் முதல், அதை மீற வேண்டாம். நான் சொல்வது, முதல் பந்தயத்தில் யாரையும் ஜெயிக்கப் பார்க்க வேண்டாம், இரண்டாவது 200 முதல் 200-ஐவிட நாலு விநாடிக்கு மேல் மெதுவாகாமல் வந்தால் போதும் என்று ஒரு கணக்கை மட்டும் கொடுங்கள்.

வேளச்சேரி அப்பா:

எல்லோருக்கும் மனசார நன்றி. பதில்களை எல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். விலை அதிகம் கொடுத்துவிட்டார் என்ற வாக்கியத்தில் இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டோம். மெக்கின்டோஷுக்கு அன்று 14 வயது என்றதும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை, பிறகு அந்தப் பந்தயத்தை மறுபடி போடச் சொன்னாள், இந்தத் தடவை முன்னால் போகும் இரண்டு பேரை விட்டுவிட்டு நாலாவது ஆளை மட்டும் பார்த்தோம். கேமரா அடிக்கடி அவரை விட்டுவிட்டு ஓடிவிடுகிறது, அதில் அவளுக்குக் கோபம்.

இன்று காலை பயிற்சியில் கோச்சிடம் கேட்டு ஒரு 400 முழுசாக நீந்தினாள், நான் கரையில் நின்று ஒவ்வொரு 50-க்கும் நேரம் எழுதினேன். முதல் 200-க்கும் இரண்டாவது 200-க்கும் இடையில் பதினோரு விநாடி வித்தியாசம். முதல் நீளத்தில் காலை அடித்துத் தள்ளிவிட்டாள், ஏழாவது லேன் சொன்னது மாதிரியே. வெளியே வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, 150-க்கும் 200-க்கும் நடுவில்தான் போச்சு என்று விரலை வைத்துக் காட்டினாள். நாளைக்கு மறுபடி எழுத வேண்டுமாம், பெரிய நோட்டாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.